மரத்துக்குச் சொன்ன பெயர்

மூடுபனியை முக்காடாகப் போட்டுக்கொண்டு இந்த மேடைக்குப் பின்னால் நின்று கேட்கும் மலையே, முதல் வணக்கம் உனக்கு!

தலைமை நாற்காலியில், கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக் கண்மூடி அமர்ந்திருக்கும் எங்கள் குடித்தலைவர், மருந்து மரங்களோடு பேசத் தெரிந்த பெருமகனார், ஃபாய் பட்டம் தாங்கிய வீர்பா அவர்களே! அவர் பக்கத்திலிருந்து அவருடைய உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் துணைவியார் மாமி கிலா அவர்களே! அரண்மனையிலிருந்து எழுந்தருளியிருக்கும் ஆன்றோரே, உங்கள் கையைப் பற்றக்கூடாது என்பது நம் முறை. ஆகவே என் இரு கைகளையும் குவித்துத் தட்டி வணங்குகிறேன்! கோலாக்கொட்டையை உடைத்துப் பங்கிட்டுப் பொறுமையாக மென்றுகொண்டிருக்கும் மூத்தோரே! சோளக்கொல்லையில் களையைப் பாதியில் விட்டுவிட்டு, முதுகில் பிள்ளையும் தலையில் கூடையுமாக மலையேறி வந்திருக்கும் தாய்மார்களே! தலைநகர் ஆய்வுக்கூடத்திலிருந்து காரில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்த என் தோழர்களே! இரண்டு மழைக்காலம் என்னோடு பொறுத்திருந்த நோயாளிகளே! எல்லோருக்கும் பின்னால், கள்ளுக்குடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் எப்போது கலையும் என்று காத்திருக்கும் லுகோங்கே! உங்கள் அனைவருக்கும், இந்த ஊர்ப் பெண், மருந்தாய்வு செய்பவள், லேன்யூயின் பணிவான வணக்கம்!

என்ன லுகோங்? ‘டாக்டரம்மா, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கள்ளு புளிச்சுப் போச்சு’ என்கிறாயா? புளிக்கட்டும். நேற்று நீ எனக்கு ஊற்றியதைவிடவா புளித்துவிடப் போகிறது? உட்கார்.

ஒலிபெருக்கி கொஞ்சம் கொரகொரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் இரவல் வாங்கியது. பாட்டுக்குப் பழகிய கருவி, என் பேச்சைக் கேட்டு மிரள்கிறது.

பெரியோர்களே! எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முடிவைக் கேட்க வந்திருக்கிறீர்கள். நம் மலையின் செம்பட்டை மரம், காக்கைவலிப்பை நிறுத்துமா நிறுத்தாதா? நம் முன்னோர் சொன்னது மருந்தா, மாயமா? தலைநகரத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள்! ‘மரப்பட்டையைச் சோதிக்க ஆய்வுக்கூடமா?’ என்று சிரித்தார்கள். ‘ஆட்டுக்குப் போடுங்கள், ஆள் எதற்கு?’ என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் விழுங்கினேன். விழுங்கிக்கொண்டு இரண்டு மழைக்காலம் வேலை செய்தேன். இன்று காலை முடிவு வந்தது.

வென்றது! பட்டை வென்றது! பட்டையைத் தின்றவர்கள் விழுவது நின்றது. வெறும் மாவைத் தின்றவர்கள், ஓரிருவரைத் தவிர, விழுந்துகொண்டே இருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி!

வேண்டாம். மேளக்காரர்களே, வேண்டாம். கையை மேளத்தின்மேல் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்காதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. இன்று கொண்டாட்டமா துக்கமா என்பது இந்தப் பேச்சு முடியும்போதுதான் தெரியும். ஏனென்றால் உங்கள் தலைவர் செத்துக்கொண்டிருக்கிறார்.

அதிர்ச்சியடையாதீர்கள். தெரியாதது போலவும் நடிக்காதீர்கள். அவர் சந்தைக்கு வருவது நின்று எவ்வளவு நாளாயிற்று? அவரைப் பார்த்ததும் குழந்தைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டவர்கள் இங்கே எத்தனை பேர்? பயந்தீர்கள். நானும் பயந்தேன். எதைக் கண்டு பயந்தோம் என்பதை இன்று வெளிச்சத்தில் வைத்துப் பேசுவோம்.

நம் முறை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்பட்டை மரத்தில் கைவைக்கும் முன் நோயாளியின் பெயரை மரத்துக்குச் சொல்ல வேண்டும். கிழக்குப் பக்கம் ஒரு வெட்டு, மேற்குப் பக்கம் ஒரு வெட்டு, சுற்றி வெட்டக்கூடாது. வெட்டிய காயத்தில் சேறு பூச வேண்டும். மரத்தின் காயம் மூடும்போது நோயாளி எழுவார். மரம் பட்டுப்போனால் அவரும் போவார். இதை அறியாதவர் இந்தத் திடலில் உண்டா?

இனி என் முறையைக் கேளுங்கள். பாதிப் பேருக்குப் பட்டை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெறும் மாவு உருண்டை. யாருக்கு எது என்று தின்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் எனக்கும் தெரியாது, பட்டையை வெட்டித் தரும் ஃபாய்க்கும் தெரியாது. தலைநகரிலிருந்து எண் மட்டும் வரும். அந்த எண்ணைப் பையில் எழுதிப் பட்டையை அனுப்புவோம். உருண்டையாகத் திரும்பும்போது அதன்மேல் வேறு எண் இருக்கும். இரண்டையும் சேர்க்கும் முடிச்சு தலைநகரிலேயே கிடக்கும். ஏன் இந்தக் கண்ணாமூச்சி? நம்பிக்கையும் நோயை ஆற்றும், தாய்மார்களே! மருந்து தின்றோம் என்ற நினைப்பே ஒருவரை எழுப்பி உட்கார வைக்கும். அந்த நினைப்பைக் கழித்துவிட்டுப் பட்டையை மட்டும் எடை போட வேண்டும் என்றால் பெயர்கள் மறைய வேண்டும். அது சரியான முறை. நாளைக்கு வேறு மரத்தைச் சோதித்தாலும் அப்படித்தான் செய்வேன். அதில் எனக்கு எள்ளளவும் வெட்கமில்லை.

ஆனால் ஃபாய் அன்றைக்கே கேட்டார். என் அறையில், என் நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றுகொண்டே கேட்டார்.

“யாருக்குன்னு சொல்லாம வெட்டச் சொல்றியா மகளே?”

“ஆமா ஃபாய். எண்தான் தருவேன், பேரு தரமாட்டேன்.”

“எண்ணுக்கு அம்மா அப்பா உண்டா? மரம் எண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணும், பள்ளிக்கூடம் போகுமா?”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் என் சன்னல் வழியாக மலையைப் பார்த்தார். “சரி, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று சொல்லுக்குள் என்ன இருந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

முதல் மழை முடிந்தது. லுகோங், எழுந்து நில். இவனுக்கு வலிப்பு எப்படி வரும் என்று ஊருக்கே தெரியும். விழுவதற்கு முன் வலக்கையை உயர்த்தி, ‘அளந்து ஊத்து! அளந்து ஊத்து!’ என்று கத்துவான். கத்திவிட்டு மரம்போல் சாய்வான். அந்தக் கத்தல் அந்த வருடம் நின்றுபோயிற்று. சந்தையில் பெண்கள் இவனைக் கேலி செய்தார்கள். ‘என்னடா லுகோங், இப்பல்லாம் அளக்காமலே ஊத்துறியா?’ உண்டா இல்லையா? உண்டு, சிரிக்கிறான்.

அதே வாரம், ஒரு நடுப்பகலில், இங்குள்ள என் ஆய்வுக்கூட முற்றத்தில் ஃபாய் பட்டைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் கள்ளை நாக்கில் வைக்காத மனிதர். திடீரென்று வலக்கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து வந்தது அவர் குரல் இல்லை, பெரியோர்களே. ‘அளந்து ஊத்து! அளந்து ஊத்து!’ என்று லுகோங்கின் குரல் வந்தது. சந்தையில் கேட்ட அதே இழுவை, அதே கரகரப்பு! என் உதவியாளர் வாசலுக்கு ஓடி, லுகோங் வந்திருக்கிறானா என்று பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. ஃபாய் மரம்போல் சாய்ந்தார்.

ஏன் குடத்தைத் தள்ளி வைக்கிறாய், லுகோங்? இன்னும் இருக்கிறது, கேள்.

ஷாங் ஆசிரியர் எங்கே? இதோ, முன்வரிசையில். மன்னியுங்கள் ஆசிரியரே, சொல்லத்தான் வேண்டும். வலிப்பு வரும்போது நீங்கள் புன்னகைத்தபடி சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள். உங்களுக்கு அது நின்றது. பிறகு ஒரு நாள் ஃபாய், பொத்தானே இல்லாத தம் நெய்த அங்கியின்மேல், புன்னகைத்தபடி, மேலிருந்து கீழாக விரலை நகர்த்திக்கொண்டே போனார். நெபாவை நினைவிருக்கிறதா? பஃபூத்திலிருந்து வந்து இங்கே லாரி ஓட்டிய பையன், உற்றார் இல்லாதவன். அவனுக்கு இடக்கைச் சுண்டுவிரலில் தொடங்கும். டொக், டொக் என்று எதையாவது தட்டும், தட்டல் தோளுக்கு ஏறும், விழுவான். குணமானதும் துறைமுகப் பட்டணத்துக்குப் போய்விட்டான், பிறகு செய்தியே இல்லை. அவன் ஊரைவிட்டுப் போன மாதத்திலிருந்து ஃபாயின் சுண்டுவிரல் தட்டுகிறது.

நான் படித்தவள். பார்த்துப் பழகியதைப் பாவனை செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். தலைநகருக்கு அழைத்துப் போனேன். தலையைப் படம் எடுத்தார்கள், பழுதில்லை. மூளையின் அலைகளைத் தாளில் பதித்தார்கள்; அந்தத் தாளை ஒரு பெரிய மருத்துவருக்கு அனுப்பினேன். மறுநாள் அந்தப் பெரிய மருத்துவர் தொலைபேசியில் என்மேல் பாய்ந்தார்.

“என்னம்மா, கிண்டல் பண்றீங்களா? ஒரு ஆளோட தாளைக் கேட்டா, பல பேரோட தாளை வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கீங்க!”

“ஒரே ஆள்தான் சார். நான் பக்கத்துலயே நின்னேன்.”

“அப்ப அந்தத் தாளை என்கிட்ட திரும்ப அனுப்பாதீங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

கடைசி வெட்டுக்கு நானும் அவரோடு காட்டுக்குப் போனேன். உச்சிவேளை. வெயில் இருக்க வேண்டிய நேரத்தில் பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. பறவைச் சத்தம் காடெங்கும் கேட்டது; செம்பட்டை மரங்களுக்கு நடுவே போனதும் அறுத்தாற்போல் நின்றது. அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு மழைக்காலத்துக்கு முன் வெட்டிய காயம் இந்நேரம் தழும்பாகியிருக்க வேண்டாமா? ஆகவில்லை! ஒன்றுகூட ஆகவில்லை! பூசிய சேறு உதிர்ந்து, ஒவ்வொரு காயமும் நேற்று வெட்டியது போலச் சிவந்து, ஈரமாகத் திறந்திருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

ஃபாய் கத்தியை எடுத்தார். மரத்தின்மேல் நெற்றியை வைத்தார். மெல்லச் சொன்னார்: “வீர்பா.” வெட்டினார். அடுத்த பக்கம் போனார். “வீர்பா.” வெட்டினார்.

“ஃபாய்! என்ன சொன்னீங்க?”

“பேரு சொன்னேன்.”

“அது உங்க பேரு!”

“வேற யாரு பேரைச் சொல்றது? நீதான் தரமாட்டேன்னியே.”

“சும்மா வெட்ட வேண்டியதுதானே!”

“சும்மா வெட்டினா மரம் சும்மா இருக்குமா? பேரில்லாம வெட்டினா, யாருன்னு தேடிக்கிட்டு அது ஊருக்குள்ள இறங்கும் மகளே. யார் வீட்டுக் கதவைத் தட்டும்னு யாருக்குத் தெரியும்? அதான் என் பேரைக் குடுத்தேன். நான் இங்கதானே இருக்கேன், தேட வேண்டியதில்ல.”

“எல்லாக் காயத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

கேட்டீர்களா, தாய்மார்களே? கேட்டீர்களா, நோயாளிகளே? பெயர் சொன்னால் நோயாளி தன் நோயைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து, காயம் மூடும்போது இறக்கி வைப்பார். அதுதான் நம் முறை. இங்கே எத்தனை பேருடைய சுமை ஒரே பெயரில் விழுந்தது! நீங்கள் நடந்தீர்கள், அவர் விழுந்தார். நீங்கள் சிரித்தீர்கள், அவர் நுரைத்தார். ஒரு மனிதர் எத்தனை காயத்தைத் தம் உடம்பில் மூடுவார்? வெளியே சொல்லாதே என்று என்னைக் கெஞ்சினார். ‘அவங்க எழுந்துட்டாங்க இல்ல, விடு’ என்றார். விட மாட்டேன்! இன்று காலை மாமி கிலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இலை கொட்டுது லேன்யூய். பருவமில்லாத பருவத்துல மொத்தக் காடும் இலை கொட்டுது. மரம் போனா இவரும் போயிடுவாரு.” நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டுகிறது.

நான் இதை நம்புகிறேனா? தலைநகரத் தோழர்கள் கண்ணாலேயே கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது! தெரியாது என்று நேர்மையாகச் சொல்லத்தான் நான் படித்தேன். சோதிக்காமல் மெய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சோதிக்காமல் பொய் என்று சிரிக்க எவனுக்கும் உரிமையில்லை! பட்டையைச் சோதித்தோம். இனி இதையும் சோதிப்போம். இங்கே, இந்தத் திடலில், இந்த மலையின் கண்முன்!

ஆய்வு முடிந்துவிட்டது, மறைக்கப் பெயர் இனி இல்லை. யாருக்குப் பட்டை கிடைத்தது, யாருக்கு மாவு என்பதை இன்று காலை தலைநகர் என் காதில் மட்டும் சொன்னது. தோழர்களுக்குக்கூடத் தெரியாது. நான் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆகவே நோயாளிகள் ஒவ்வொருவராக எழுங்கள். மேசையில் ன்கெங் இலை இருக்கிறது. அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் பேச நம் மலையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. இலையை உயர்த்தி, மரங்களைப் பார்த்து, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ‘என் காயம் எனக்கு’ என்று சொல்லுங்கள்.

யார் அது? நடுவில் ஒரு குரல். ‘பேரைச் சொன்னா வலிப்பு திரும்பி வந்துடுமா?’ நல்ல கேள்வி. வரலாம். உங்கள் பங்கு உங்களிடம் திரும்பலாம், காயம் மூடும்வரை இருக்கலாம். பட்டையைத் தொடர்ந்து தருவேன், உங்களோடு இருப்பேன். அதற்குமேல் உறுதி சொல்ல என்னால் முடியாது.

ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? எத்தனை முறை அடுப்பருகில் விழுந்தீர்கள், எத்தனை முறை உங்கள் பாயைத் தனியே போட்டார்கள், அந்தப் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார்? எச்சில் படும் என்று ஊர் ஒதுங்கியபோது வாயைத் துடைத்துவிட்டவர் யார்? அவர் வாயை இன்று ஒரு கிழவி தனியே துடைத்துக்கொண்டிருக்கிறாள்! ஒருவர் பெயரில் ஊரே நடமாடலாமா? ஒருவர் உடம்பில் ஊரே ஒளிந்துகொள்ளலாமா? எழுங்கள்! உங்கள் தாய் வைத்த பெயர் உங்கள் வாயில்தானே இருக்கிறது? சொல்லுங்கள்!

லுகோங்.

நீயா? வா. இலையைப் பிடி. ஒலிபெருக்கி வேண்டாம், மரத்துக்குக் கேட்கும்.

கேட்டீர்களா! ‘லுகோங். என்னோடது எனக்கு. அளந்து ஊத்து’ என்றான்! தலைவரைப் பாருங்கள், மாமி, அவரைப் பாருங்கள். கண் திறக்கவில்லை, ஆனால் தலை அசைந்தது. ஆம் என்று அசைந்தது.

ஷாங் ஆசிரியர் எழுந்துவிட்டார். ஆம் என்கிறார் ஃபாய்! அடுத்து யார்? வாருங்கள், தள்ளாதீர்கள், எல்லோருக்கும் இலை இருக்கிறது. ஆம். ஆம். அதற்கும் ஆம்! பெயர்கள் மழையாகப் பெய்கின்றன, பெரியோர்களே! பனி கீழிறங்கி முன்வரிசையின் முழங்காலுக்கு வந்துவிட்டது, யாரும் நகரவில்லை.

சூய்வென், நீயும் வந்தாயா? தீயில் வெந்த கையோடு இலையைப் பிடித்திருக்கிறாய். சொல் கண்ணே.

ஃபாய் தலையை ஆட்டுகிறார். இல்லை என்று ஆட்டுகிறார். கண்மூடியபடியே சொல்கிறார், கேளுங்கள்: ‘உன்னோடது இங்க இல்லம்மா. போய் உக்காரு.’

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சூய்வெனுக்குக் கிடைத்தது வெறும் மாவு! மாவு தின்றவர்களில் எழுந்து வந்த முதல் ஆள் இவள்தான். யாரிடமும் நான் சொல்லவில்லை. தோழர்களே, நீங்களும் சொல்ல முடியாது. அழாதே சூய்வென். நாளைக் காலை உன் பெயரைச் சொல்லி உனக்கென்று ஒரு மரத்தில் வெட்டுவோம். இன்றோடு மாவு முடிந்தது.

இன்னும் மூன்று பேருக்கு இல்லை என்றார். மூன்றும் மாவு. ஒன்றுகூடத் தவறவில்லை. அவர்களில் ஒருவர் மாவிலேயே விழாமல் இருந்தவர், பட்டை தின்றவர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆ! கண் திறந்துவிட்டார்! மாமி, என்ன சொல்கிறார்? ‘பசிக்குதாம்! களி சூடா இருக்கான்னு கேக்கறாரு!’ அழுங்கள் மாமி, நன்றாக அழுங்கள். யாராவது களியும் கீரையும் கொண்டுவாருங்கள்!

ஆனால் சற்றே பொறுங்கள். அவர் இடக்கையைப் பாருங்கள். நாற்காலிக் கட்டையில் சுண்டுவிரல் இன்னும் தட்டுகிறது. டொக். டொக். அது நெபாவுடையது. அவன் எங்கே இருக்கிறானோ, எந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறானோ. அவன் பெயரைச் சொல்ல இங்கே தாயில்லை, உடன்பிறந்தார் இல்லை. தட்டல் முழங்கைக்கு ஏறுகிறது. ஒரு காயம் திறந்திருந்தாலும் மரம் போகும் என்கிறார் மாமி. யாராவது அவன் காயத்தை ஏற்பீர்களா? வேண்டாம், நோயாளிகளே, உங்கள் கை நிறைந்திருக்கிறது. தாய்மார்களே, உங்கள் முதுகில் பிள்ளை இருக்கிறது.

இலையை இங்கே கொடுங்கள்.

செம்பட்டை மரங்களே! நான் உங்களை எடை போட்டவள், இடித்துத் தூளாக்கியவள், கண்ணாடிக்குழாயில் ஊற்றிக் காய்ச்சியவள். உங்களுக்குக் காது உண்டா என்பது எனக்கு இப்போதும் தெரியாது. இருந்தால் கேளுங்கள். பட்டணத்தில் இருக்கும் நெபாவின் காயம், அது மூடும்வரை, எனக்கு. என் பெயர் லேன்யூய்.

நின்றுவிட்டது. அவர் விரல் நின்றுவிட்டது! பாருங்கள், தாமே கிண்ணத்தை வாங்குகிறார்!

தலைமையேற்ற ஃபாய் அவர்களுக்கும், அவரை எங்களுக்காகக் காத்த மாமிக்கும், கை தட்டி வாழ்த்திய அரண்மனைப் பெரியோருக்கும், பெயர் சொன்ன ஒவ்வொரு வாய்க்கும், மலைக்கும் மரத்துக்கும் என் நன்றி. கம்பியைத் தொடாதீர்கள் தோழர்களே; ஒலிபெருக்கியில் டொக், டொக் என்று கேட்பது கருவியின் கோளாறு இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் என் இடக்கைச் சுண்டுவிரல் அது. பயப்படாதீர்கள், நான் பயப்படவில்லை. கொஞ்சம் பயப்படுகிறேன். மேளக்காரர்களே, இப்போது அடியுங்கள். இந்தச் சத்தம் யாருக்கும் கேட்காதபடி பலமாக அடியுங்கள். வணக்கம்.